ஒரே பேரினம்: ஒரு கண்டத்தில் நூறு, இன்னொன்றில் ஒன்று. ஏன்?

இலைநரம்பு கேட்டது:

மர இனங்களின் பரவல் பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் இந்தக் கேள்வி எழும். நெருங்கிய உறவுள்ள மரங்கள் கண்டத்துக்குக் கண்டம் ஏன் இவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருக்கின்றன?

மூன்று எடுத்துக்காட்டுகள் தருகிறேன். பாவோபாப் எனும் ஆனைப்புளி மரத்தில் மொத்தம் 8 இனங்கள். அவற்றில் 6 மடகாஸ்கரில் மட்டுமே உண்டு. ஆப்பிரிக்கப் பெருநிலம் முழுவதற்கும் 1, ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் 1. ஓக் பேரினத்தில் 400க்கு மேற்பட்ட இனங்கள். மெக்சிகோவில் மட்டும் 160ஐ ஒட்டி இருக்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் தென் அமெரிக்காவில் ஒன்றே ஒன்று, அதுவும் கொலம்பியாவில். சகாராவுக்குத் தெற்கே இயற்கையாக ஒன்றுகூட இல்லை. மூன்றாவது, சால் மரம் சேர்ந்த டிப்டெரோகார்ப் குடும்பம். ஆசியாவில் ஏறக்குறைய 500 இனங்கள், ஆப்பிரிக்காவில் சில பத்து, தென் அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பாடநூலில் கிடைக்கும் பதில் கண்டப்பெயர்ச்சி. ஒரே மரம் இரு கண்டங்களிலும் ஏன் இருக்கிறது என்பதற்கு அது ஓரளவு பதில் சொல்லும். ஓரிடத்தில் 6, ஓரிடத்தில் 1 என்பதற்குச் சொல்லாது. தட்பவெப்பம்தான் காரணம் என்றால் அதுவும் இடிக்கிறது. பைன் மரங்கள் தென் அரைக்கோளத்தில் இயற்கையாக ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் அங்கே கொண்டுபோய் நட்டால் தோட்டத்தைத் தாண்டிப் புல்வெளிகளுக்குள் தாமாகவே புகுந்துவிடுகின்றன.

ஆகவே இரண்டு கேள்விகள். இந்த ஏற்றத்தாழ்வுக்கு உண்மையில் எத்தனை காரணங்கள் உண்டு? ஒரு குறிப்பிட்ட பேரினத்தை எடுத்துக்கொண்டால் எதை முதலில் சரிபார்க்க வேண்டும், எதைப் பிறகு?

---

மகரந்தப்பெட்டி எழுதியது:

முதலில் காலம். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

தென் கண்டங்களும் இந்தியாவும் ஒன்றாக இருந்த பழைய பெருங்கண்டமான கோண்டுவானா உடைந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மடகாஸ்கரும் இந்தியாவும் சேர்ந்த துண்டு ஆப்பிரிக்காவிலிருந்து விலகத் தொடங்கியது ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் முற்றாகப் பிரிந்தது 10 கோடி ஆண்டுகள் வாக்கில். இந்தியா மடகாஸ்கரை விட்டுக் கிளம்பியது சுமார் 8.8 கோடி, நியூசிலாந்து பிரிந்தது சுமார் 8 கோடி. ஆஸ்திரேலியாவுக்கும் அன்டார்க்டிகாவுக்கும் இடையே ஆழ்கடல் முழுதாகத் திறந்தது மட்டும் மிகப் பிந்தி, 3.5 கோடி ஆண்டுகளை ஒட்டி.

ஒரு பேரினத்தின் இரு கண்டத்துக் கிளைகள் பிரிந்த காலம் இந்தத் தேதிகளோடு பொருந்தினால்தான் கண்டப்பெயர்ச்சியைக் காரணமாகச் சொல்ல முடியும். பெரும்பாலும் பொருந்துவதில்லை. இன்று வாழும் பூக்கும் மரப் பேரினங்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பிரிந்தபோது தோன்றியே இருக்கவில்லை.

பாவோபாப் இதற்கு நல்ல சான்று. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா என்ற மூன்று பெயர்களைப் பார்த்தவுடனே கோண்டுவானா நினைவுக்கு வரும். ஆனால் மரபணுக் கணக்கை எந்த வழியில் போட்டாலும் இந்தக் கிளைகள் பிரிந்தது கண்டங்கள் பிரிந்து பல கோடி ஆண்டுகள் கழித்துத்தான். 2024இல் எட்டு இனங்களின் முழு மரபணுத் தொகுப்பையும் ஒப்பிட்ட ஆய்வு மடகாஸ்கரைப் பிறப்பிடமாகக் காட்டுகிறது. அங்கே பல இனங்களாகக் கிளைத்தபின் ஒரு கிளை மேற்கே ஆப்பிரிக்காவுக்கும் ஒரு கிளை கிழக்கே ஆஸ்திரேலியாவுக்கும் கடல்வழி போயிருக்க வேண்டும். தடித்த ஓடுள்ள, மிதக்கக்கூடிய காய் என்பதால் அது நடக்கக்கூடியதே. நீங்கள் கேட்ட 6:1:1 விகிதத்துக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. பிறந்த இடத்தில் கிளைக்க நீண்ட காலம் கிடைத்தது. போய்ச் சேர்ந்த இடங்களில் ஒவ்வொரு வம்சவழியே கால் ஊன்றியது.

கடல் தாண்டுவது அரிது, ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிதானவையும் நடக்கும். ஹவாய்த் தீவுகளின் அகேசியா கோவாவும் இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில் உள்ள அகேசியா ஹெட்டரோஃபில்லாவும் ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர் இடைவெளியில் வாழ்பவை. 2014இல் வெளியான மரபணு ஆய்வின்படி ரீயூனியன் மரம் ஹவாய் மரத்திலிருந்தே சுமார் 14 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. இலவம் பஞ்சு மரமான சீபா பென்டான்ட்ராவும் அப்படித்தான்: அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி மேற்கு ஆப்பிரிக்காவில் இயற்கையாகவே குடியேறியிருக்கிறது.

கண்டப்பெயர்ச்சி உண்மையாகவே பொருந்தும் இடமும் உண்டு. தென்பீச் எனப்படும் நோத்தோஃபேகஸ் தென் அமெரிக்காவின் தென்பகுதி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நியூகினி, நியூகலிடோனியா ஆகிய இடங்களில் இருக்கிறது. அன்டார்க்டிகாவில் அதன் மகரந்தம், இலை, கட்டை எல்லாம் புதைபடிவமாகக் கிடைத்திருக்கின்றன. முன்னமே கழன்றுபோன ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இல்லை. கண்டங்கள் உடைந்த வரிசையோடு இது அழகாக ஒத்துப்போகிறது. அதிலும்கூட நியூசிலாந்து இனங்கள் சில, தீவு பிரிந்து நெடுநாள் கழித்து டாஸ்மன் கடலைத் தாண்டி வந்தவை என்றே மூலக்கூறு கடிகாரம், அதாவது மரபணு வேறுபாட்டின் அளவை வைத்துப் பிரிந்த காலத்தைக் கணிக்கும் முறை, சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. மூலக்கூறு கடிகாரத்தைக் கண்டம் பிரிந்த தேதியை வைத்தே அளவுபடுத்திவிட்டு, பிறகு "பார், கண்டம் பிரிந்த தேதியோடு பொருந்துகிறது" என்று எழுதிய கட்டுரைகள் இருக்கின்றன. அது சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கும் வாதம். அளவுபடுத்தப் பயன்பட்டது புதைபடிவமா, நிலவியல் நிகழ்வா என்று எந்தக் கட்டுரையிலும் முதலில் தேடிப் பாருங்கள்.

---

காட்டுவளையம் எழுதியது:

மகரந்தப்பெட்டி சொன்னது வருகையைப் பற்றி. எண்ணிக்கை வேறுபாட்டில் என் கணிப்பில் வருகையைவிடப் பெரிய பங்கு அழிவுக்கு. இன்றைய வரைபடம் என்பது மிச்சம்தான்.

ஐரோப்பாவை எடுத்துக்கொள்வோம். வட அரைக்கோளத்தின் ஈரமான மிதவெப்பக் காடுகளின் மர இனங்களை லேத்தமும் ரிக்லெஃப்ஸும் 1993இல் தொகுத்தார்கள். கிழக்கு ஆசியாவில் 729, வட அமெரிக்காவின் கிழக்கில் 253, ஐரோப்பாவில் 124, வட அமெரிக்காவின் பசிபிக் சரிவில் 68. தட்பவெப்பம் கிட்டத்தட்ட ஒன்று. எண்ணிக்கையில் பத்து மடங்கு வரை வேறுபாடு.

பனியுகங்களுக்கு முந்தைய ஐரோப்பியப் படிவுகளைத் திறந்தால் மக்னோலியா, துலிப் மரம், ஹிக்கரி, ஹெம்லாக், நிஸ்ஸா, செக்குவோயாவின் உறவுகள் எல்லாம் கிடைக்கின்றன. இன்று இவற்றில் ஒன்றுகூட ஐரோப்பாவின் சொந்த மரமில்லை. ஏறத்தாழ 26 லட்சம் ஆண்டுகளாகப் பனி முன்னேறியும் பின்வாங்கியும் வந்திருக்கிறது. மரம் நடக்காது, விதை விழும் தூரம்தான் ஒரு தலைமுறையின் அடி. தெற்கே நகர வேண்டிய ஒவ்வொரு முறையும் ஐரோப்பிய மரங்களுக்குக் குறுக்கே நின்றவை பிரனீஸ், ஆல்ப்ஸ், கார்பாத்தியன் மலைகள். எல்லாம் கிழக்கு மேற்காகக் கிடப்பவை. தாண்டினால் மத்தியதரைக் கடல், அதற்கும் தெற்கே சகாரா. வட அமெரிக்காவில் அப்பலாச்சியன் தொடர் வடக்கு தெற்காக ஓடுவதால் வளைகுடாக் கரை வரை இறங்கவும் திரும்ப ஏறவும் வழி இருந்தது. கிழக்கு ஆசியாவில் பெரும்பகுதியில் பனிப்பாளமே மூடவில்லை. மேலும் வெப்பமண்டலம் முதல் வடகோடி வரை கடலோ பாலையோ குறுக்கிடாத ஈரக்காடு அங்கே இருந்தது.

ஐரோப்பாவின் ஓரங்களில் தப்பியவை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். செல்கோவா என்றொரு பேரினம், எல்ம் குடும்பம், 6 இனங்கள் மட்டும். 3 கிழக்கு ஆசியாவில், 1 காக்கசஸ் பக்கம், 1 கிரீட் தீவில், 1 சிசிலியில். நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு எதுவும் இல்லை. சிசிலி இனத்தை 1991இல்தான் கண்டுபிடித்தார்கள். இரண்டே சிறு கூட்டங்கள். மும்மடி நிறமூர்த்தம் கொண்டது, அதனால் முளைக்கும் விதை தருவதில்லை. வேரடிக் கன்றுகளால் மட்டும் காலம் தள்ளுகிறது. ஒரு காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்த பேரினத்தின் இன்றைய நிலை அது. படிவுகளைப் பார்க்காமல் இன்றைய வரைபடத்தை மட்டும் பார்த்தால், சிசிலிக்கு ஆசியாவிலிருந்து யாரோ விதை கொண்டு போனார்கள் என்றுகூட ஒருவர் முடிவு கட்டக்கூடும்.

இன்று இல்லாத இடத்தில் அன்று இருந்த மரங்களின் பட்டியல் நீளம். மெட்டாசெக்குவோயாவை 1941இல் மிகி என்ற ஜப்பானியத் தாவரவியலாளர் புதைபடிவத்தை வைத்தே பெயரிட்டார். உயிருள்ள மரம் நடுச் சீனாவில் கிடைத்து 1948இல் முறையாக விவரிக்கப்பட்டது. அதன் எச்சங்கள் வட அமெரிக்காவிலும் ஆர்க்டிக் தீவுகளிலும் குவிந்து கிடக்கின்றன. நீப்பா பனை இன்று இந்தியப் பெருங்கடல், மேற்குப் பசிபிக் சதுப்புக் கரைகளில் மட்டும் இயற்கையாக உண்டு. ஆனால் அதன் காய்கள் லண்டன் களிமண் படிவில் ஏராளம். யூகலிப்டஸ் என்றாலே ஆஸ்திரேலியா என்கிறோம். 5.2 கோடி ஆண்டுப் பழமையான யூகலிப்டஸ் இலையும் பூவும் காயும் கிடைத்தது அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில்.

ஆகவே "இந்தக் கண்டத்தில் குறைவு" என்று கண்டால், எப்போதுமே குறைவாக இருந்ததா, இருந்து போனதா என்று கேட்காமல் அடுத்த அடி எடுத்து வைக்காதீர்கள்.

---

வேர்முடிச்சு எழுதியது:

காட்டுவளையம் சொன்ன ஐரோப்பிய வாதம் சரி. ஆனால் அதே எண்களில் அவர் தொடாத ஒன்று இருக்கிறது. பனியுகம் ஐரோப்பாவின் குறைவை விளக்குகிறது. கிழக்கு ஆசியா ஏன் கிழக்கு அமெரிக்காவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதை விளக்கவில்லை. அமெரிக்க மரங்களுக்கும் தப்ப வழி இருந்தது என்று அவரே சொல்கிறார். அந்தத் தொகுப்பைச் செய்தவர்களின் முடிவும் இதுதான்: பனியுக அழிவு மட்டும் போதாது, அதற்கு முன்பே கிழக்கு ஆசியாவில் வம்சவழிகள் அதிகம். வெப்பமண்டலக் குடும்பங்கள் குளிரைத் தாங்கப் பழகி மெல்ல வடக்கே ஏறுவதற்கு அங்கே தொடர்ச்சியான நிலம் இருந்தது.

எனவே மூன்றாவது காரணம், கிளைத்தல். வந்து சேர்ந்த மரம் எவ்வளவு வேகமாகப் புதிய இனங்களாகப் பிரிகிறது என்பது இடத்துக்கு இடம் பெரிதும் மாறும்.

மெக்சிகோ ஓக் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சிவப்பு ஓக், வெள்ளை ஓக் என்ற இரு பெரும் கிளைகளும் வடக்கிலிருந்து தனித்தனியே மெக்சிகோ மலைகளுக்குள் இறங்கின. இரண்டும் அங்கே வேகமெடுத்தன. காரணம் நில அமைப்பு. ஒரே மலையில் அடிவாரத்தில் வறட்சி, நடுவில் மேகக்காடு, உச்சியில் உறைபனி. ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் இடையே ஓக் தாங்காத பள்ளத்தாக்கு. ஒவ்வொரு மலையும் தனித் தீவுபோல் ஆகிவிடுகிறது. அது மட்டுமல்ல, இரு கிளைகளும் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளாமல் ஒரே சரிவில் சேர்ந்து வாழ முடிவதால் எண்ணிக்கை இரட்டிக்கிறது.

இங்கா பேரினம் இன்னொன்று: ஏறத்தாழ 300 இனங்கள், எல்லாம் அமெரிக்க வெப்பமண்டலத்தில், பெரும்பகுதி கடந்த 1 கோடி ஆண்டுகளுக்குள் கிளைத்தவை. கோண்டுவானா வரலாறு பேசத் தேவையே இல்லை.

"பழங்காலத்து எஞ்சிய மரம்" என்று முத்திரை குத்தப்படுபவையும் பல நேரங்களில் புதியவைதான். அராகேரியா என்ற ஊசியிலை மரப் பேரினத்தில் 20 இனங்கள் அளவில் உள்ளன; அவற்றில் 14ஐ ஒட்டி நியூகலிடோனியா என்ற சிறு தீவில். ஜுராசிக் காலத்தில் வட அரைக்கோளம் வரை பரவியிருந்த குடும்பம் அது என்பதால், டைனோசர் காலத்துக் காடு அப்படியே தீவில் மிஞ்சியது என்று எழுதுவார்கள். ஆனால் அந்தத் தீவு நெடுங்காலம் கடலுக்கடியில் இருந்து, சுமார் 3.7 கோடி ஆண்டுகள் வாக்கில் மேலெழுந்தது. அதன் பிறகு வந்த ஒரு வம்சவழி, நிக்கல் மிகுந்த, பெரும்பாலான மரங்களுக்கு நஞ்சான மண்ணில் போட்டியின்றிக் கிளைத்தது. குடும்பம் பழையது, இனங்கள் புதியவை. இவ்விரண்டையும் குழப்புவதால் வரும் பிழைகள் கணக்கற்றவை.

---

இலைநரம்பு எழுதியது:

மூவருக்கும் நன்றி. வருகை, அழிவு, கிளைத்தல் என்று பிரித்தது தெளிவாக இருக்கிறது. அப்படியானால் நான் கேட்டவற்றில் இரண்டு இன்னும் மிச்சம். கொலம்பியாவில் ஒரே ஓக் ஏன், பைன் அங்கே ஏன் இல்லை? டிப்டெரோகார்ப் ஆசியாவில் 500, ஆப்பிரிக்காவில் சில பத்து என்பதில் மூன்று காரணங்களில் எது? அத்தோடு, சொந்தமாக ஒரு பேரினத்தை எடுத்துச் சோதிக்க வேண்டுமானால் எதில் தொடங்குவது?

---

மகரந்தப்பெட்டி எழுதியது:

டிப்டெரோகார்ப்புக்கு மூன்றும் காரணம், வரிசையாக. அதனால்தான் அது கற்பதற்கு ஏற்ற குடும்பம்.

இதன் மிகப் பழைய மகரந்தம் ஆப்பிரிக்காவில் கிரெட்டேசியஸ் யுகத்தின் இறுதிப் பகுதிப் படிவுகளில் கிடைக்கிறது. இந்தியா வடக்கே மிதந்து வந்துகொண்டிருந்தபோதே, ஆசியாவில் மோதும் முன்பே, இந்தியப் படிவுகளிலும் இந்த மகரந்தம் தோன்றிவிடுகிறது. இடையில் இருந்த எரிமலைத் தீவு வளைவு வழியாக வந்திருக்கலாம் என்பது 2022இல் வெளியான விளக்கம். குஜராத்தின் காம்பே படிவுகளில் 5 கோடி ஆண்டுக்கும் சற்று மேற்பட்ட அம்பர் இருக்கிறது. அது இந்தக் குடும்பத்து மரப்பிசின். இந்தியா ஆசியாவோடு மோதியபின் இவை தென்கிழக்கு ஆசியாவுக்குள் நுழைந்தன. இது வருகை.

பிறகு ஆப்பிரிக்கா வறண்டது. மழைக்காட்டு டிப்டெரோகார்ப்புகள் அங்கே அழிந்தன. இன்று அங்கிருப்பவை மோனோட்டஸ், மார்க்கேசியா என்ற வேறு துணைக்குடும்பத்துச் சவானா மரங்கள்தான் பெரும்பாலும். ஆசியத் துணைக்குடும்பத்தில் இந்தியாவுக்கு மேற்கே மிஞ்சியது செஷல்ஸ் தீவின் வட்டேரியாப்சிஸ் ஒன்று மட்டும். இது அழிவு.

போர்னியோவில் மட்டும் இன்று 270 அளவில் இனங்கள் உண்டு. ஆண்டு முழுதும் மழை, விதவிதமான மண், கடல்மட்டம் ஏறி இறங்கும்போது இணைந்தும் பிரிந்தும் போகும் தீவுகள். மேலும் இவற்றின் விதைக்கு உறங்குநிலை இல்லை. விழுந்து சில நாளில் அல்லது சில வாரத்தில் முளைக்காவிட்டால் செத்துவிடும். சிறகு இருந்தாலும் பெரும்பாலானவை தாய்மரத்துக்கு அருகிலேயே விழும். அதனால் கூட்டங்கள் எளிதில் தனிமைப்பட்டுப் புதிய இனங்களாகின்றன. அதே காரணத்தால்தான் இன்னொரு கண்டத்துக்குத் தாவவும் இயலாது. ஒரே பண்பு ஓரிடத்தில் எண்ணிக்கையைக் கூட்டி, பரவலைக் குறுக்குகிறது.

கொலம்பியா ஓக்குக்குப் பதில் பொகோட்டா மேட்டுநிலத்தின் ஏரிப்படிவில் இருக்கிறது. ஆழமாகத் துளையிட்டு எடுத்த மகரந்த வரிசையில் ஆல்டர் மரம் ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றுகிறது. ஓக் அதற்கும் வெகுநாள் கழித்து, கடந்த 5 லட்சம் ஆண்டுகளுக்குள். பனாமா நிலம் இணைந்து சுமார் 30 லட்சம் ஆண்டுகள் ஆகியும் இவ்வளவு தாமதம். மெக்சிகோவில் ஓக்குக்குக் கோடி ஆண்டுக்கு மேல் அவகாசம் கிடைத்தது. கொலம்பியாவில் 5 லட்சம்கூட இல்லை. ஒன்றுக்கு மேல் கிளைக்கவில்லை என்பதில் வியப்பில்லை.

அதே வாசலில் வந்த மற்ற வடநாட்டு மரங்களையும் ஒப்பிடுங்கள். ஆல்டரின் விதை மிக நுண்ணியது, காற்றில் போகும். வேரில் தழைச்சத்தை நிலைப்படுத்தும் நுண்ணுயிர் இருப்பதால் சரிந்த மலைச்சரிவிலும் கால் ஊன்றும். ஆண்டிஸ் வழியாக வட அர்ஜென்டினா வரை போய்விட்டது. ஓக்கின் கொட்டை கனம். பறவையோ அணிலோ தூக்கினால்தான் உண்டு. கொலம்பியாவோடு நின்றது. பைன் நிகராகுவாவையே தாண்டவில்லை. பனாமா வரை இடையில் கிடப்பது தாழ்ந்த, ஈரமான, நிழலடர்ந்த காடு. பைன் நாற்றுக்கு வேண்டிய திறந்த வெளியும் நெருப்பும் அங்கே இல்லை. உலகம் முழுவதிலும் பைன் இயற்கையாக நிலநடுக்கோட்டைத் தாண்டியது ஒரே இடத்தில்தான்: சுமாத்ராவில் மெர்குசி பைன், தெற்கே ஏறத்தாழ 2 பாகை வரை.

நட்டால் வளர்கிறதே என்று கேட்டீர்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தென் அரைக்கோளத்தின் பல இடங்களில் தொடக்ககாலப் பைன் நடவுகள் மஞ்சளித்துத் தேய்ந்தன. வேரோடு கூடி வாழும் பூஞ்சை அந்த மண்ணில் இல்லை. பைன் காட்டு மண்ணைக் கலந்து நட்டபின்தான் எழுந்தன. விதை மட்டும் தற்செயலாக வந்து சேர்ந்திருந்தாலும், துணைப்பூஞ்சை கூடவே வராமல் நிலைத்திருக்காது.

---

வேர்முடிச்சு எழுதியது:

சொந்தமாகச் சோதிப்பது பற்றிக் கேட்டதற்கு:

கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையப் பட்டியலில் பேரினத்தை எடுத்து, ஏற்கப்பட்ட பெயர்களை மட்டும் இறக்குங்கள். இணைப்பெயர்கள் கலந்தால் எண்ணிக்கை வீங்கிவிடும். ஒவ்வோர் இனத்துக்கும் சொந்த நிலம், அறிமுகமான நிலம் என்று தனித்தனியே குறித்திருப்பார்கள். அறிமுகத்தை நீக்கிவிடுங்கள். இந்தியாவில் நூற்றாண்டுகளாக நிற்கும் பாவோபாப்கள் மனிதர் கொண்டுவந்தவை. அவற்றைச் சொந்த மரமாக எண்ணினால் கடல்வழிப் பரவல் என்று இல்லாத ஒரு கதை முளைத்துவிடும்.

அடுத்து, நீங்கள் எடுத்த பேரினம் உண்மையிலேயே ஒரே வம்சமா என்று பாருங்கள். அகேசியா என்ற பெயரின் கீழ் ஒருகாலத்தில் ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா எல்லாம் அடங்கின. 2005 வியன்னா தாவரவியல் மாநாட்டு முடிவுக்குப் பின் அந்தப் பெயர் ஏறக்குறைய ஆயிரம் இனங்களுள்ள ஆஸ்திரேலியக் கிளைக்கு நின்றது. கருவேலம் வச்செல்லியா ஆனது, வேறு பல செனகாலியா ஆயின. பழைய பெயரை வைத்து "அகேசியா ஏன் எல்லாக் கண்டத்திலும்" என்று கேட்டால் கேள்வியே தவறு, ஏனெனில் அவை ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருங்கிய உறவில்லை.

எண்ணும்போது நாடுவாரியாக எண்ணாதீர்கள். ஈர மிதவெப்பம், வறள் வெப்பம் என்று சூழல்வாரியாக, அந்தச் சூழலின் பரப்பையும் சேர்த்து எண்ணுங்கள். ஆப்பிரிக்காவில் மழைக்காட்டு மரம் குறைவு என்பதில் ஒரு பகுதி, அங்கே மழைக்காட்டின் பரப்பே குறைவு என்பதால். ஆனால் அது முழு விளக்கமும் அல்ல. வெப்பமண்டல மர இனங்களை 2015இல் மதிப்பிட்டபோது அமெரிக்காவுக்கும் இந்திய பசிபிக் பகுதிக்கும் தலா 19,000 முதல் 25,000 வரை வந்தது. ஆப்பிரிக்காவுக்கு 4,500 முதல் 6,000 வரைதான்.

காலக்கணக்கில் அதிகம் பேர் வழுக்கும் இடம் இது: தண்டு வயது, முடி வயது. தண்டு வயது என்பது அந்தப் பேரினம் தன் நெருங்கிய உறவிலிருந்து பிரிந்த காலம். முடி வயது என்பது இன்று உயிரோடுள்ள அதன் இனங்களின் பொது மூதாதை வாழ்ந்த காலம். இரண்டுக்கும் பல கோடி ஆண்டு இடைவெளி இருக்கலாம். கண்டங்களுக்கிடையே எப்போது பிரிந்தது என்ற கேள்விக்குத் தண்டு வயதைக் காட்டக்கூடாது. இரு கண்டத்துக் கிளைகள் பிரியும் கணுவின் வயதையே எடுக்க வேண்டும். தண்டு நீண்டு, முடி குறுகியிருந்தால் இடையில் பெரும் அழிவு நடந்திருக்கலாம் என்பதற்கு அதுவே ஒரு குறிப்பு.

புதைபடிவத்தில் இரு திசையிலும் ஏமாறலாம். பைன் மகரந்தம் காற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கும். படிவில் சில மணிகள் கிடைத்ததால் மரம் அங்கே நின்றது என்று பொருளில்லை. ஊசியிலை, கூம்பு, கட்டை கிடைத்தால் நம்பலாம். லவங்கப்பட்டைக் குடும்பத்தின் மகரந்த ஓடோ மிக மெல்லியது, படிவில் நிற்பதேயில்லை. அங்கே மகரந்தம் இல்லாததை மரம் இல்லாததற்குச் சான்றாக்கக் கூடாது. இலையின் புறத்தோலும் கட்டையும்தான் வழி.

மூதாதை எங்கே வாழ்ந்தது என்று மென்பொருளில் கணிக்கும் நிலைக்கு வந்தால், ஆர் என்ற நிரல்மொழியில் இயங்கும் பயோஜியோபியர்ஸ் பலரும் பயன்படுத்துவது. நிலப்பகுதிகளை அளவோடு பிரியுங்கள். 8 பகுதி வைத்தால் சாத்தியமான பரவல் நிலைகள் 256, 10 வைத்தால் 1,024; ஒவ்வொன்று கூட்டும்போதும் இரட்டிக்கும். ஓர் இனம் அதிகபட்சம் எத்தனை பகுதியில் இருக்கலாம் என்பதற்கு வரம்பு வையுங்கள். மிக முக்கியம்: உயிருள்ள இனங்களை மட்டும் உள்ளிட்டால் இந்த மாதிரிகள் அழிவை மிகக் குறைவாகவே கணிக்கும். காட்டுவளையம் சொன்ன ஐரோப்பிய மரங்களை ஒரு மென்பொருளும் தானாகக் கண்டுபிடிக்காது. அழிந்துபோன இனங்களை வம்சவரைபடத்தின் கிளைமுனைகளாக நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

---

இலைநரம்பு எழுதியது:

கருங்காலி சேர்ந்த டயோஸ்பைராஸில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். எல்லா வெப்பமண்டலத்திலும் இருக்கிறது, எண்ணிக்கையும் ஏற்றத்தாழ்வாக இருக்கிறது.

---

காட்டுவளையம் எழுதியது:

அது பிறகு. 700க்கு மேற்பட்ட இனங்கள். எல்லாவற்றுக்கும் மரபணு வரிசை கிடைக்காது. எந்தக் கண்டத்து மாதிரிகள் குறைவாகக் கிடைத்தனவோ அந்தக் கண்டம் இனக்குறைவாகத் தெரியும். அது மாதிரி எடுத்ததன் குறை என்பது முடிவில் தெரியாது.

செல்கோவாவை எடுங்கள். 6 இனங்களுக்கும் வரிசைகள் உண்டு, புதைபடிவ இலை பல்விளிம்பால் நன்கு அடையாளம் தெரியும், ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும் படிவுகள் கிடைத்திருக்கின்றன. முதலில் உயிருள்ள 6ஐ மட்டும் வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு அழிந்த ஐரோப்பிய, அமெரிக்க இலைகளைக் கிளைமுனைகளாகச் சேர்த்து இன்னொருமுறை ஓட்டுங்கள். இரண்டு முடிவுகளையும் இங்கே போடுங்கள்; மூதாதையின் இடம் எந்தக் கணுவில் மாறுகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.